அலுவலகத்தில் கோப்புப் பகிர்வு மெதுவாக இருந்தால் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

அலுவலகத்தில் ஷேர் செய்த ஃபோல்டர் மந்தமாகிவிட்டது என்று பேச்சு எழுந்தவுடன் ஆளுக்கொரு யோசனை வரும். இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்டலாம் என்பார் ஒருவர். கணினிகளின் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றுங்கள் என்பார் இன்னொருவர். சர்வர் பழசு, கோப்புகளை வைப்பதற்கென்றே நெட்வொர்க்கில் இணைக்கும் என்ஏஎஸ் பெட்டி ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்பார் விற்க வந்தவர். எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிடலாம் என்று ஒரு தரப்பும் இருக்கும்.

இவற்றில் முதல் யோசனையை இங்கேயே தள்ளிவிடலாம். ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே கோப்பு போகும்போது அது ஸ்விட்ச் வழியாகவே போய்விடும், வெளியே இணையத்துக்குப் போகாது. எவ்வளவு பெரிய இணையத் திட்டம் எடுத்தாலும் உள்ளே நடக்கும் காப்பியில் ஒரு நொடிகூடக் குறையாது. மற்ற யோசனைகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குச் சரியான விடைதான். உங்களுக்கு எது என்பது, மந்தம் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

"மெதுவாக இருக்கிறது" என்ற ஒரே புகாருக்குள் நான்கு தனித்தனிச் சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. பெரிய கோப்பு ஒன்றை காப்பி செய்ய நேரமாவது ஒன்று. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டர் நகர மறுப்பது இன்னொன்று. காப்பி வேகமாகவே நடக்கிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது என்பது மூன்றாவது. ஒருவர் மட்டும் வேலை செய்தால் சரியாக ஓடும் கணக்கு மென்பொருள், இரண்டாவது ஆள் திறந்தவுடன் தவழ ஆரம்பிப்பது நான்காவது. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு வாங்கிய கருவி மற்றொன்றைத் தொடக்கூடத் தொடாது. அதனால்தான் பணத்தை எடுக்கும் முன் அரை மணி நேரம் அளப்பதற்குச் செலவிடுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எண்கள் என்ன சொல்கின்றன

இரண்டு மூன்று கிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை சர்வரிலிருந்து உங்கள் கணினிக்கு காப்பி செய்து பாருங்கள். காப்பி நடக்கும் ஜன்னலில் வேகம் மெகாபைட் கணக்கில் தெரியும். நெட்வொர்க் கருவிகளின் வேகமோ மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 1000 மெகாபிட் என்ற கிகாபிட் இணைப்பின் உச்சம் 125 மெகாபைட். தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்புத் தகவலுக்கும் போக, கையில் கிடைப்பது 110 மெகாபைட்டை ஒட்டி இருக்கும்.

உங்கள் காப்பி 110-ஐத் தொட்டால் கேபிளும் ஸ்விட்சும் தங்களால் முடிந்த அத்தனையையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். 11 மெகாபைட்டில் ஆடாமல் அசையாமல் நின்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்பது ஏறக்குறைய உறுதி. இரண்டுக்கும் நடுவில் 30, 60 என்று ஏறி இறங்கினால் சந்தேகம் டிஸ்க், வைஃபை, ஆன்டிவைரஸ் பக்கம் திரும்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அதே கோப்பை இரண்டாம் முறை காப்பி செய்தால் சர்வர் அதை டிஸ்கிலிருந்து படிக்காமல் நினைவகத்திலிருந்தே கொடுத்துவிடும், எண் பொய்யாக உயரும். ஒவ்வொரு சோதனைக்கும் வேறு கோப்பை எடுங்கள்.

அப்புறம் ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி. ஒரு கணினியில் சர்வராகவும் மற்றதில் கிளையண்டாகவும் ஓடவிட்டால், டிஸ்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பி நெட்வொர்க்கின் வேகத்தை மட்டும் சொல்லும். கிகாபிட் இணைப்பில் 930, 940 மெகாபிட் வந்தால் நெட்வொர்க் நலமாக இருக்கிறது. ஐபெர்ஃப் நன்றாக இருந்து காப்பி மட்டும் மந்தம் என்றால் டிஸ்க் அல்லது மென்பொருள். ஐபெர்ஃபே மோசம் என்றால் கேபிள், ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு. அனுப்பும் திசையை மாற்றியும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பழுதான கேபிள்களும் உண்டு. செலவை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்க இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது.

கேபிளா, ஸ்விட்சா, முழு வயரிங்கா

100 மெகாபிட் இணைப்புக்கு கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நாற்காலிச் சக்கரம் ஏறியோ, கனெக்டரில் ஒரு பின் தளர்ந்தோ மிச்ச நான்கில் ஒரு கம்பி போனால், இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், இணையம் ஓடும், மின்னஞ்சல் வரும். கோப்புப் பகிர்வு மட்டும் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குப் போய்விடும். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் நிலையைத் திறந்தால் இணைப்பு வேகம் அங்கேயே எழுதியிருக்கும். அங்கே 100 என்று இருந்தால் கணினியில் செருகியிருக்கும் பேட்ச் கேபிளை மாற்றுவதுதான் முதல் வேலை. இந்தப் பட்டியலில் இருக்கும் மாற்று வழிகளிலேயே மலிவானது அதுதான்.

கேபிள் சரியாக இருந்தும் 100 மாறவில்லையா? மேசை மேல் இருக்கும் ஐபி தொலைபேசியைப் பாருங்கள். பல அலுவலகங்களில் சுவரிலிருந்து வரும் கேபிள் தொலைபேசிக்குப் போய், அதன் பின்புறப் போர்ட்டிலிருந்து கணினிக்கு வரும். பழைய தொலைபேசிகளில் அந்தப் போர்ட் 100 மெகாபிட்தான். மேசைக்கு அடியில் யாரோ எப்போதோ செருகிவிட்டுப் போன ஐந்து போர்ட் ஸ்விட்சும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று, ஆளைக் குழப்புவது: ஸ்விட்ச் பக்கம் "100 ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கையால் நிலைநிறுத்தி, கணினிப் பக்கம் ஆட்டோவில் விட்டிருப்பார்கள். ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆட்டோ பக்கத்துக்கு எதிராளி ஃபுல்லா ஹாஃபா என்று தெரிய வழியில்லை, அதனால் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். பிங் என்ற சின்னச் சோதனைச் செய்தியை அனுப்பினால் அருமையாகப் பதில் வரும், பெரிய கோப்பை அனுப்பினால் மோதல்களில் உயிர் போகும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுவதே சரி. வேகம் கூடும் என்று நினைத்து இதைக் கையால் மாற்றியவர்கள் தயவுசெய்து திருப்பிவிடுங்கள்.

சரி, ஸ்விட்சை எப்போது மாற்றுவது? அது 100 மெகாபிட் ஸ்விட்சாக இருந்தால் உடனே. கிகாபிட் ஸ்விட்சாகவே இருந்து, ஒன்றின் வாலில் ஒன்றாக மூன்று நான்கு கோத்திருந்தால், கடைசி ஸ்விட்சில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே ஒரு கிகாபிட் கேபிளைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே புதுக் கருவி வாங்குவதைவிட, ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் சர்வர் இருக்கும் ஸ்விட்சுக்கு நேராக ஒரு கேபிள் இழுப்பது பலன் தரும். முழு வயரிங்கையும் கேட்6-க்கு மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாராளமாகத் தாங்கும். 2016-ல் வந்த 2.5 கிகாபிட் தரநிலையே இந்தப் பழைய கேபிள்களில் ஓடுவதற்காக எழுதப்பட்டது. 10 கிகாபிட் வேண்டுமென்றால்தான் கேட்6 கேபிள் 55 மீட்டர் வரையும், கேட்6ஏ 100 மீட்டர் வரையும் தேவைப்படுகின்றன.

வைஃபையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மடிக்கணினியில் 866 மெகாபிட் என்று காட்டுவது காற்றில் நடக்கும் சமிக்ஞையின் வேகம். கோப்புக்குக் கிடைப்பது நல்ல நிலையில் அதில் பாதியை ஒட்டி, அதுவும் அதே அலைவரிசையில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. பயனர்கள் வைஃபையில் இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கோப்புகளை வைத்திருக்கும் கணினியே வைஃபையில் இருந்தால், அதற்கு ஒரு கேபிள் இழுக்காமல் வேறெதையும் யோசிக்காதீர்கள். அனுப்புபவரும் பெறுபவரும் வைஃபையில் இருக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றை இரண்டு முறை கடக்கிறது.

டிஸ்க்: பலரும் கடைசியில் பார்க்கும் இடம்

ஐபெர்ஃப் 940 காட்டுகிறது, பெரிய கோப்பும் ஓரளவு போகிறது, ஆனால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் நெட்வொர்க் செத்தமாதிரி ஆகிறது. இந்த வகைதான் அதிகம், தவறாக மருந்து கொடுக்கப்படுவதும் இதற்குத்தான்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. தேடும் இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு ஒன்பது. ஆக ஒரு துண்டைத் தேடி எடுக்க 12, 13 மில்லிவினாடி. வினாடிக்குச் சுமார் 80 தேடல், அவ்வளவுதான். தொடர்ச்சியாக ஒரே கோப்பைப் படிக்கும்போது 150 மெகாபைட் கொடுக்கும் அதே டிஸ்க், சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளில் ஒரு மெகாபைட்டுக்கும் கீழே போவது இதனால்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்து வேறு ஃபோல்டர்களைக் கேட்டால், ஒவ்வொருவரும் பெரிய கோப்பே கேட்டாலும், தலை அங்குமிங்கும் ஓடி எல்லோரையும் காக்கவைக்கும். சிப்பிலேயே தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் சுழற்சியும் இல்லை, தலையும் இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் தேடல்கள் முடியும்.

ஆகவே நெட்வொர்க் நலம் என்று அளந்து தெரிந்த அலுவலகத்தில், கைக்காசைப் போடத் தகுந்த முதல் இடம் சர்வருக்குள் ஓர் எஸ்எஸ்டி என்பது என் தீர்மானமான கருத்து. அதிலும் விலை கூடிய என்விஎம்இ வகை தேவையில்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே வினாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்கும், கிகாபிட் கேபிளில் போகக்கூடியது 110-தான். மிச்சத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். எல்லாக் கோப்புகளையும் எஸ்எஸ்டியில் வைக்க இடம் போதாதென்றால், தினமும் தொடும் ஃபோல்டர்களை அதிலும் பழைய ஆண்டுகளின் கோப்புகளை ஹார்ட் டிஸ்கிலும் பிரித்து வையுங்கள். புதிதாக ஹார்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி இருப்பதால், தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும்.

டிஸ்க் மாற்றியும் சின்னக் கோப்புகள் மந்தமாகவே இருக்கின்றனவா? அப்போது போய்வரும் நேரத்தைப் பாருங்கள். ஒரு கோப்பை காப்பி செய்வது ஒரே வேலை இல்லை. திற, விவரம் கொடு, எழுது, தேதியைப் பதி, மூடு என்று சர்வரோடு பலமுறை பேச வேண்டும். எட்டு முறை என்று வைத்துக்கொள்வோம். 10,000 கோப்புகளுக்கு 80,000 பயணம். கேபிளில் ஒரு பயணத்துக்கு அரை மில்லிவினாடி என்றால் 40 நொடி. வைஃபையில் 4 மில்லிவினாடி என்றால் 320 நொடி, ஐந்து நிமிடத்துக்கு மேல். இந்தக் கணக்கில் மெகாபிட் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 10 கிகாபிட் ஸ்விட்ச் வாங்கினாலும் இந்த நேரம் பெரிதாகக் குறையாது. அந்த ஃபோல்டரை ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்பினால் குறையும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளையைப் பல இழைகளில், அதாவது ஒரே நேரத்தில் பல கோப்புகளை அனுப்பும்படி, ஓட்டினாலும் குறையும். பல இழைகளுக்கான விருப்பத்தைக் கட்டளையில் சேர்த்தால் இயல்பாக 8 இழைகள், 128 வரை உயர்த்தலாம். சாதாரண அலுவலகத்துக்கு 16 போதும்.

ஆன்டிவைரஸும் இந்த வகையில்தான் உறைக்கும். சர்வரில் ஒரு முறை, பயனரின் கணினியில் ஒரு முறை என்று ஒவ்வொரு கோப்பும் இரண்டு சோதனை தாண்டுகிறது. அதை அணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மென்பொருள் நிறுவனமே எழுதித் தந்திருக்கும் தரவுத்தள ஃபோல்டர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவில்லாத திருத்தங்களும் கெடுதல் செய்யும் திருத்தங்களும்

ஃபோல்டர் திறக்கவே அரை நிமிடம் என்ற மூன்றாவது வகைக்கு ஒன்றுமே வாங்க வேண்டாம். சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் சிக்கல் பெயரைத் தேடும் டிஎன்எஸ் அமைப்பில். இல்லையென்றால், எப்போதோ அகற்றிவிட்ட சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் டிரைவுகளையும் குறுக்குவழிகளையும் நீக்குங்கள். இல்லாத கணினியிடமிருந்து பதிலுக்காக விண்டோஸ் காத்திருந்துகொண்டிருக்கும். ஒரே மட்டத்தில் பல்லாயிரம் கோப்புகள் குவிந்திருந்தால் ஆண்டு வாரியாகப் பிரியுங்கள்.

எஸ்எம்பி என்ற பகிர்வு நெறிமுறையின் பழைய முதல் பதிப்பை மறுபடி இயக்கினால் வேகமாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது சேர்வதில்லை. பாதுகாப்பை விடுங்கள், வேகத்திலும் அது பின்தங்கியது, அளவுக்கு மீறிப் பேசும் நெறிமுறை. பழைய ஸ்கேனரோ என்ஏஎஸோ அதை மட்டும்தான் புரிந்துகொள்ளும் என்றால், மாற்ற வேண்டியது அந்தக் கருவியை.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு மந்தம் தொடங்கியதா? அதில் எஸ்எம்பி கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் போட்டுச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் பலவீனமான செயலி உள்ள பழைய என்ஏஎஸ் திணறும், சில இணையவே மறுக்கும். அந்த என்ஏஎஸ்ஸின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது முதல் வழி. தரவை வழக்கத்தைவிடப் பெரிய துண்டுகளாக அனுப்பும் ஜம்போ ஃபிரேம் அமைப்பால் கிகாபிட்டில் நான்கைந்து சதவீதம் கிடைக்கலாம், ஆனால் வழியில் ஒரே ஒரு கருவி ஒத்துவராவிட்டாலும் காப்பி நடுவில் தொங்கும். அது வேண்டாம்.

பழைய கணினியா, என்ஏஎஸா, கிளவுடா

நான்காவது வகையை முதலில் முடிக்கிறேன், ஏனென்றால் இந்த மூன்றில் எதுவும் அதற்கு விடையில்லை. கோப்பாகவே இருக்கும் தரவுத்தளத்தைப் பலர் ஷேரிலிருந்து திறக்கும் மென்பொருள்கள் உண்டு. ஒருவர் மட்டும் திறந்திருக்கும்போது, வேறு யாரும் தொடவில்லை என்ற உத்தரவாதத்தை சர்வர் கொடுக்கும். அவர் கணினி தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வேகமாக ஓடும். இரண்டாவது ஆள் திறந்த நொடியில் அந்த உத்தரவாதம் திரும்பப் பெறப்படும். அதன்பின் ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் சர்வரைக் கேட்டாக வேண்டும். எஸ்எஸ்டி கொஞ்சம் வலியைக் குறைக்கும். உண்மையான தீர்வு, அந்த மென்பொருளின் சர்வர் பதிப்புக்கு மாறுவது, அல்லது மென்பொருளை சர்வரிலேயே ஓடவிட்டு, அதன் திரையைத் தங்கள் கணினியில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பயனர்கள் நுழைவது. இப்படிப்பட்ட தரவுத்தளத்தை கிளவுட் ஒத்திசைவு ஃபோல்டரில் வைப்பது ஆபத்து. இருவர் பிரதிகள் முரண்பட்டு எது உண்மை என்றே தெரியாமல் போகும்.

மற்ற கோப்புகளுக்கு, யாரோ வேலை செய்யும் கணினியையே சர்வராகப் பயன்படுத்துவது நாலைந்து பேருக்குப் போதும். ஆனால் அவர் கணினியை மறுதொடக்கம் செய்தால் எல்லோருக்கும் வேலை நிற்கும், அது உறக்கத்துக்குப் போனாலும் அப்படியே. சாதாரண விண்டோஸ் 10, 11-இல் ஒரே நேரத்தில் 20 கருவிகளுக்கு மேல் இணைய அனுமதியும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என்ஏஎஸ் நல்ல மாற்றம். வாங்கும்போது எத்தனை டிஸ்க் போடலாம் என்பதைவிடச் செயலியையும் நினைவகத்தையும் பாருங்கள். இரண்டு டிஸ்கில் ஒரே தரவு இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

ஆவணங்களும் விரிதாள்களும்தான் பெரும்பாலான வேலை என்றால் கிளவுடை நான் தயங்காமல் சொல்வேன். கோப்பு அவரவர் கணினியிலேயே ஒரு பிரதியாக இருப்பதால் திறப்பது உடனே நடக்கும், இருவர் சேர்ந்து ஒரே கோப்பில் எழுதவும் முடியும். ஆனால் இங்கே இணைய வேகம், குறிப்பாக ஏற்றும் வேகம், முதன்முறையாக முக்கியமாகிறது. 500 கிகாபைட்டை வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாவிட்டால். வீடியோ, பெரிய வரைபடக் கோப்புகள் புழங்கும் இடத்தில் உள்ளூர் சர்வரே மேல்.

வீட்டிலிருந்து, அலுவலக நெட்வொர்க்கோடு இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மூலம் ஷேரைத் திறப்பவர்களின் புகார் இதோடு கலந்து வரும், அதைத் தனியாக வையுங்கள். ஒரு போய்வரவுக்கு 40 மில்லிவினாடி என்றால் மேலே சொன்ன 80,000 பயணம் 53 நிமிடம் ஆகும். அலுவலகத்தில் எந்தக் கருவியை மாற்றினாலும் அந்தத் தூரம் குறையாது. அந்த இரண்டு மூன்று பேருக்கு ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்துவிட்டு, மற்றவர்களை இப்போதிருக்கும் ஷேரிலேயே விட்டுவிடலாம்.